"என்னைப் பொறுத்தவரை..." என்று தொடங்கும் வாதங்கள்

பெங்களூரில் நாங்கள் சில தமிழ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பன் பார்க்கில் கூடிப் பேசுவது சில வருடங்களாக நடக்கிறது. அன்றைக்குப் பூங்காவுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால் சத்தம் கம்மி, மூங்கில் புதர்ப் பக்கம் உட்கார இடமும் கிடைக்கும். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பாதிப் பேர், மாரத்தஹள்ளிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் மென்பொருள் வேலைக்கு வந்த மதுரை, திருநெல்வேலிப் பிள்ளைகள் மீதி. பேசுவது தத்துவம். கடவுள், விதி, மனம், அறம், மெஷினுக்குப் புத்தி உண்டா என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வோம். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து நான் கற்றதில் எனக்கு மிக அதிகமாகப் பயன்பட்டது, ஒரு வாதம் எந்த இடத்தில் உடைகிறது என்று பார்க்கத் தெரிந்ததுதான். பெரும்பாலும் அது ஒரு சொல்லில் உடைகிறது. ஒருவர் "என்னைப் பொறுத்தவரை இதுக்கு அர்த்தம் வேற" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை, சமாளித்துவிடலாம். சொல்லாமல் மனதுக்குள் மாற்றி வைத்துக்கொண்டு பேசும்போதுதான் இரண்டு மணி நேரம் கத்திவிட்டு ஒன்றும் தேறாமல் வீட்டுக்குப் போகிறோம்.

சொந்தமாக ஒரு வரையறை வைத்துக்கொள்வது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. யோசிக்கிற எவருக்கும் ஒரு கட்டத்தில் கைவசம் இருக்கும் சொல் போதாமல் போகும். தொல்காப்பியம் மரபியலில் நூல் செய்கிறவருக்கான உத்திகளைச் சொல்லும்போது 'தான் குறியிடுதல்' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது என்றுதானே அர்த்தம். நன்னூலின் 32 உத்திகளில் 'தன்குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல்' என்று வருகிறது. நீ வைத்த குறியை ஒரு தடவை சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே, படிக்கிறவனுக்குப் பழகும்வரை அதை எடுத்தெடுத்து ஆளு என்று சொல்வதாக நான் அதைப் புரிந்துகொள்கிறேன். எங்கள் கூட்டத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இதை எடுத்துக் காட்டியதிலிருந்து எங்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. புது அர்த்தத்தில் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறவர் முதலிலேயே அதை அறிவிக்க வேண்டும், அறிவித்தால் பேச்சு முடியும்வரை அந்த அர்த்தத்திலேயே நிற்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். பத்து நிமிடம் அப்படி நின்று பேசிப் பார்த்தால் எவ்வளவு கடினம் என்று தெரியும், ஏனென்றால் பழைய அர்த்தம் நாக்கிலேயே இருக்கிறது.

எங்களுக்கு இது உறைத்தது 'சுயநலம்' பற்றிய விவாதத்தில். மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி, நன்றாகப் படிக்கிறவர், மனிதன் செய்வது எல்லாமே சுயநலம்தான் என்று வாதாடினார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா, காய்ச்சல் பிள்ளை பக்கத்தில் ராத்திரி முழுக்க முழித்திருக்கும் தாயைச் சொன்னார்.

"அதுவும் சுயநலம்தான் அக்கா. பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா அந்த அம்மாவால தாங்க முடியாது. அந்த வேதனையைத் தவிர்க்கத்தான் முழிச்சிருக்காங்க."

"சரி தம்பி. பிள்ளையை விட்டுட்டுத் தூங்கப் போற அம்மா?"

"அதுவும் சுயநலம்."

"நான் வார்டுல ரெண்டு பேரையும் பார்த்திருக்கேன். அவங்களுக்குள்ள இருக்கிற வித்தியாசத்துக்கு நீ என்ன பேர் வைப்ப?"

தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் வகைச் சுயநலம், இரண்டாம் வகைச் சுயநலம் என்று பிரிக்கலாம் என்றார். அக்கா விடவில்லை. "அப்போ முழிச்சிருக்கிற அம்மாவோட சுயநலம் தப்பா?" தப்பில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். தப்பில்லை என்றால் ஆரம்பத்தில் அவ்வளவு வேகமாகச் சொன்னதன் பொருள்தான் என்ன என்று எல்லோரும் கேட்டோம்.

நடந்தது இதுதான். 'தனக்குத் தோன்றியதால் செய்யும் எதுவும் சுயநலம்' என்று அவர் வரையறையை விரித்துவிட்டார். அப்படி விரித்தால் கூற்று தானாகவே உண்மையாகிவிடும், உலகத்தைப் பார்த்துச் சோதிக்க அதில் எதுவும் மிச்சமிருக்காது. ஆனால் அந்தச் சொல்லோடு பிறந்த கண்டனம், 'சே, இவ்வளவுதானா மனுஷன்' என்கிற கசப்பு, அது அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. பழைய கடையின் பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு உள்ளே சரக்கை மாற்றுவதுபோல. சொல்லின் உணர்ச்சி விசையை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றுகிற இந்த வகை வரையறையைச் சார்லஸ் ஸ்டீவன்சன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1938-இல் ஒரு கட்டுரையில் தனியாகப் பிரித்துக் காட்டி, இணங்கவைக்கும் வரையறை என்று அதற்குப் பேர் வைத்தார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1726-இல் அச்சான தன் சொற்பொழிவுகளில், ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் சுயநல வாதத்துக்கு நேரான பதிலைச் சொல்லிவிட்டார். ஆசை என்னுடையது என்பது ஒன்று, அந்த ஆசை எதை நோக்கிப் போகிறது என்பது வேறொன்று. பிள்ளை பிழைக்க வேண்டும் என்பது தாயின் ஆசைதான், ஆனால் அது நோக்குவது பிள்ளையை. பிள்ளை மேல் முதலில் அக்கறை இருந்தால்தானே பிள்ளைக்கு ஏதாவது ஆனால் வேதனை வரும்.

ஐயா அன்றைக்குப் புறநானூறு 182-ஐச் சொன்னார், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியது. 'தமக்கென முயலா நோன்தாள் பிறர்க்கென முயலுநர்' இருப்பதால்தான் இந்த உலகம் நிலைத்திருக்கிறது என்று முடியும் பாட்டு. தம்பியின் வரையறையை ஏற்றால் இந்தப் பாட்டு பொய்யாகிவிடாது, அது சொல்ல வந்ததைச் சொல்லவே மொழியில் இடம் இல்லாமல் போய்விடும். எனக்கு அது ரொம்பப் பெரிய இழப்பாகப் பட்டது. தவறான கூற்றை இன்னொரு கூற்றால் மறுத்துவிடலாம், வேறுபாட்டைச் சொல்லும் சொல்லையே கையிலிருந்து எடுத்துவிட்டால் எதை வைத்து மறுப்பது?

அதிலிருந்து நாங்கள் கேட்க ஆரம்பித்த முதல் கேள்வி, "உங்க வரையறைப்படி இதுக்குள்ள வராதது எது? ஒண்ணு சொல்லுங்க" என்பது. நிஜத்தில் இல்லாவிட்டாலும் கற்பனையாகவாவது ஒன்று சொல்ல வேண்டும். நன்னூலில் 'இன்னதல்லது இது என மொழிதல்' என்றே ஓர் உத்தி இருக்கிறது. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபில் இதை இன்னும் கறாராகச் செய்திருக்கிறார்கள். 'கொம்புள்ளது பசு' என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும், அது அதிவியாப்தி. 'கபில நிறமுள்ளது பசு' என்றால் வெள்ளைப் பசு வெளியே போய்விடும், அது அவ்வியாப்தி. மிகையாகப் பரவுவதும் பற்றாமல் போவதும். யாரோடு தத்துவம் பேசினாலும் இந்த இரண்டையும் முதலில் சோதித்துவிடுங்கள், பாதி விவாதம் அங்கேயே தெளிந்துவிடும்.

இரண்டாவது பழக்கம் சொல்லையே கொஞ்ச நேரம் தடைசெய்வது. டேவிட் சால்மர்ஸ் என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதி 2011-இல் வெறும் சொல் தகராறுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த முறையைச் சொல்கிறார். சிக்கலான சொல்லை இரண்டு தரப்பும் பயன்படுத்தக் கூடாது, அது இல்லாமலே உங்கள் கருத்து வேறுபாட்டைச் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் சொல் தகராறு. முடிந்தால் இப்போதுதான் நிஜமான தகராறு வெளியே வந்திருக்கிறது. எங்கள் கூட்டத்தில் மனிதனுக்குச் சுதந்திரமான விருப்பம் உண்டா என்று பேசியபோது இதைச் செய்து பார்த்தோம். ஒருவருக்குச் சுதந்திரம் என்றால் முன்காரணம் எதுவும் இல்லாமல் முடிவெடுப்பது. இன்னொருவருக்கு, யாரும் கையைப் பிடித்து இழுக்காமல் தான் நினைத்தபடி செய்ய முடிவது. இரண்டாவதுதான் 1748-இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் சொன்னது. அவர் அதோடு நிற்காமல், இவ்வளவு காலமாக நடக்கும் இந்தச் சண்டையே சொற்களைப் பற்றியதுதான் என்றும் சொல்லிவிட்டார். சொல்லை எடுத்துவிட்டுப் பேசியபோது, காரணங்கள் நம்மை ஆட்டுகின்றன என்பதிலோ, மிரட்டிச் செய்யவைப்பதும் தானாகச் செய்வதும் ஒன்றில்லை என்பதிலோ எங்களில் யாருக்கும் மறுப்பே இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஹியூம் சொன்னதுபோல் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. குற்றம் செய்தவன் தண்டனைக்கு உண்மையிலேயே உரியவனா, இல்லை மற்றவர்களின் பாதுகாப்புக்காக மட்டும்தான் தண்டிக்கிறோமா என்ற கேள்வி மிஞ்சியது. அதில் நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம், அந்தப் பிரிவு நேர்மையான பிரிவு.

மெஷின் விஷயத்திலும் அப்படியே. இந்த ஊரில் வேறு எங்கே போனாலும் இந்தப் பேச்சு உண்டு. 'ஏஐ மாடல் புரிஞ்சுக்குது' என்று ஒருவர், 'அது வெறும் கணக்கு' என்று இன்னொருவர். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1950-இல் 'மெஷினால் யோசிக்க முடியுமா' என்று கேட்டுவிட்டு, அந்தச் சொற்களுக்கு வழக்கில் என்ன பொருள் என்று தேடிப் போனால் கடைசியில் கருத்துக் கணிப்புதான் நடத்த வேண்டிவரும் என்று அந்தக் கேள்வியையே ஒதுக்கிவைத்து, சோதித்துப் பார்க்கக்கூடிய வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். நாங்கள் 'புரிதல்' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கேட்டவை இவை: இதுவரை பார்க்காத வடிவில் ஒரு கணக்கைக் கொடுத்தால் போடுகிறதா? தப்புச் செய்தால் தானே கண்டுபிடிக்கிறதா? உள்ளே ஏதாவது உணரப்படுகிறதா? முதல் இரண்டையும் சோதிக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், மூன்றாவதில் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு தெரிந்ததே எனக்கு நிறைவாக இருந்தது.

கடினமான இடம், ஒருவர் தன் அனுபவத்தையே வரையறையாக வைக்கும்போது. தியானம் பழகும் ஒரு அக்கா 'மௌனம்' என்ற சொல்லைத் தனி அர்த்தத்தில் சொல்வார், கேட்டால் "அது உங்களுக்கு வந்தாத்தான் தெரியும்" என்பார். இங்கே சட்டென்று மடக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விட்கென்ஸ்டைன் என்ற தத்துவவாதி இறந்தபின் 1953-இல் வெளியான அவர் நூலில் ஒரு கற்பனை வருகிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி, அதில் இருப்பதை 'வண்டு' என்கிறோம், ஆனால் அடுத்தவர் பெட்டியை யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பெட்டியிலும் வேறு வேறு பொருள் இருக்கலாம், பெட்டி காலியாகக்கூட இருக்கலாம். அப்படி இருந்தும் அந்தச் சொல் எல்லோருக்கும் பயன்படுகிறது என்றால், அதன் பயன்பாட்டில் பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு வேலை இல்லை. இதைப் பலர் அடுத்தவர் வாயை அடைக்கும் ஆயுதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அக்காவுக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று இந்தக் கற்பனை சொல்லவில்லை. உள்ளே இருப்பதைச் சுட்டிக்காட்டி மட்டும் ஒரு சொல்லுக்குப் பொதுவான பொருள் வந்துவிடாது, அது வெளியில் எங்கே எப்படிப் புழங்குகிறது என்பதில்தான் வரும் என்கிறது. அதனால் நாங்கள் கேட்டது, "அந்த மௌனம் இருந்த நாளுக்கும் இல்லாத நாளுக்கும் உங்க நடத்தையில என்ன வித்தியாசம் அக்கா?" என்று. அவர் நிதானமாக யோசித்துச் சொன்னார்: "கோபம் ரெண்டு நாளும் வரும். அது இருக்கிற நாள்ல, கோபம் போனதும் நான் அதைத் திரும்பத் தேடிப் போகமாட்டேன்." இது எங்களுக்கு விளங்கியது. தியானமே செய்யாத ஒருவர்கூடத் தன் வாழ்க்கையிலிருந்து அதற்கு ஓர் உதாரணம் சொன்னார். ஒருவருடைய தனிப் பொருள் பத்துப் பேருக்கும் உரிய பொருளாக மாறும் தருணம் இதுதான், இதற்காகத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து போகிறேன்.

வள்ளுவரும் சொந்த வரையறை வைத்தவர்தானே என்று ஒரு நாள் பேச்சு வந்தது. 'வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்.' உள்ளதை உள்ளபடி சொல்வது என்ற சாதாரண அர்த்தத்திலிருந்து அவர் விலகுகிறார், அது உண்மை. ஆனால் எப்படி விலகுகிறார் என்று பாருங்கள். 'எனப்படுவது யாதெனின்' என்று கேள்வியாகவே எழுப்பி, இதோ வரையறுக்கப் போகிறேன் என்று முதலில் அறிவிக்கிறார். அடுத்த குறளிலேயே அதன் விளைவையும் மறைக்காமல் சொல்கிறார்: குற்றமற்ற நன்மை தருமானால் பொய்மையும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும். இந்த வரையறைக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது, வேண்டாம் என்றால் அங்கேயே மறுக்கலாம். எங்களில் ஒருவர் மறுத்தார், நோயாளியிடம் நோயை மறைக்கும் டாக்டரை வைத்து நன்றாகவே மறுத்தார். நேர்மையான சொந்த வரையறை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் குறள் 291, 292 இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன்.

சில சொற்கள் நம் இஷ்டத்துக்கு விட்டவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'எல்லாமே எனர்ஜி' என்று ஒருவர் தத்துவம் பேசினால், இயற்பியலில் அளந்து சொல்லும் எனர்ஜியா, உற்சாகம் என்கிற அர்த்தமா என்று உடனே கேட்டுவிட வேண்டும். தங்கம் எது என்று நான் முடிவு செய்வதில்லை, உரசிப் பார்க்கத் தெரிந்தவர் முடிவு செய்கிறார், நான் அவரை நம்பி அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன். ஹிலரி புட்னம் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1975-இல் இதை மொழியில் நடக்கும் வேலைப் பங்கீடு என்றார். அப்புறம், எல்லோருடைய வரையறையையும் உடைத்துவிட்டுத் தன்னுடையதை வைக்காதவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். நியாய மரபின் மூல நூலான நியாய சூத்திரத்தில் விதண்டை என்பதற்கு இதுதான் பொருள், தன் தரப்பை நிறுவாமல் அடுத்தவருடையதை மட்டும் தாக்குவது. அவரிடம் கோபப்படாமல் "உங்களுடையதைச் சொல்லுங்க, எழுதி வச்சுக்கிறோம்" என்று நோட்டை நீட்டினால் போதும். அதே நூலில் சலம் என்றும் ஒன்று உண்டு, ஒருவர் ஓர் அர்த்தத்தில் சொன்னதை இன்னோர் அர்த்தத்தில் எடுத்து மறுப்பது. 'நவகம்பளம்' உடையவன் என்று புதுக் கம்பளியைச் சொன்னால், அவனிடம் ஒன்பது கம்பளி ஏது என்று கேட்பது. நவக்கிரகம், நவநாகரிகம் இரண்டும் தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

இத்தனை பழக்கமும் கைகொடுக்காத சொற்கள் இருக்கின்றன. அண்மையில் 'தகுதி' பற்றிப் பேசினோம், மருத்துவக் கல்லூரி இடங்களை வைத்து. ஒரு தரப்புக்குத் தகுதி என்றால் தேர்வில் காட்டிய திறமை. மறு தரப்புக்கு, எங்கிருந்து கிளம்பி எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதும் அதில் சேரும். ஐயா திருக்குறள் 111-ஐச் சொன்னார், 'தகுதி எனவொன்று நன்றே' என்று தொடங்குவது. அங்கே தகுதி என்பது நடுவுநிலைமையைக் குறிக்கிறது, மதிப்பெண்ணை அல்ல என்றார். அழகான தகவல், ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சொல் எப்படி ஆளப்பட்டது என்பது இன்றைய வாதத்தை முடித்துவைக்காது, ஐயாவே அதை ஒத்துக்கொண்டார். சொல்லைத் தடைசெய்தும் பார்த்தோம். தணியவில்லை. ஏனென்றால் அந்தச் சொல் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் இடம் போகிறது, சட்டத்திலும் பேப்பரிலும் பள்ளிக்கூட மேடையிலும் அந்தச் சொல்தான் ஆள்கிறது, அதை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு சொல்லில் பேசுகிறேன் என்று ஒரு தரப்பு ஒதுங்க முடியாது. டபிள்யூ. பி. காலி என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1956-இல் இப்படிப்பட்டவற்றை, சண்டையே தங்கள் இயல்பாக உள்ள கருத்துகள் என்று தனியாக எடுத்துப் பேசினார். ஜனநாயகம், கலை, சமூக நீதி எல்லாம் அவர் பட்டியலில் வரும். இந்த இடத்தில் 'இது வெறும் சொல் தகராறு, விடுங்க' என்று சொல்வது பெரிய தவறு என்று நினைக்கிறேன், யார் விட வேண்டும் என்பதை அந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது.

அதனால் நோட்டில் இரண்டு வரையறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். ஒவ்வொரு தரப்பும் தங்களுடையது ஏன் சரி என்பதை விட்டுவிட்டு, அடுத்ததை ஏற்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். தம்பி, நாளைக்கு அந்தப் படிப்பை முடித்தவரிடம் வைத்தியத்துக்குப் போகும் நோயாளியைச் சொன்னார். நர்ஸ் அக்கா, தன் கிராமத்துக்கு டாக்டரே வராமல் இருக்கும் நோயாளியைச் சொன்னார். இரண்டு பேரும் நோயாளியைத்தான் சொன்னார்கள் என்பதை அக்காதான் முதலில் கவனித்தார். இப்போதைக்கு விவாதம் அந்த இரண்டு நோயாளிகளைப் பற்றியதாக மாறியிருக்கிறது: இந்த இரண்டு பேரில் யாருக்கு அந்தக் கல்லூரி முதலில் கடன்பட்டிருக்கிறது, அதைத் தேர்வுத் தாளில் அளக்க முடியுமா என்று.